வெட்டாத நூல்

பொம்மனஹள்ளியில், இரண்டாம் மாடியில் பல் டாக்டர்.
கீழே மாவு மில். படியேறும்போது
மிளகாய் நெடி எங்கே முடிந்து
கிராம்பு நெடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.
டோக்கன் பத்தொன்பது. உள்ளே இப்போது பதினொன்று.
இடது கன்னத்துக்குள் தனியாக ஒரு நாடி.

டீப்பாயில் கிடந்தது புத்தகம்.
தீபாவளிச் சிறப்பிதழ். இப்போது மார்ச்.
விரல் பட்டால் கூசும் வழவழப்பு.
அட்டையில் யாமிரா.
அப்பா பெயர், ஊர்ப் பெயர் ஒன்றுமில்லை, வெறும் யாமிரா;
எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
புத்தகத்தின் பெயரில் பாதியைத்
தலையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.
பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

பத்து வருஷமாக கார்மென்ட்ஸில் செக்கிங் எனக்கு.
மணிக்கு அறுபது சட்டை.
காலர், தோள், கைமடிப்பு, பட்டன், ஓரம்.
கல்யாண வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால்
வலது பாக்கெட் கால் இஞ்ச் இறக்கம் என்பேன்.
ஆகவே யாமிராவை அப்படித்தான் பார்த்தேன்.

இடுப்பில் இத்தனை கச்சிதமாக எந்தத் துணியும் பிடிக்காது.
முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்திருக்கிறார்கள்,
நாலு, அல்லது அஞ்சு.
திரும்பச் சொன்னால் திரும்பமாட்டாள்.
தோள் இரண்டும் ஒரே உயரம். பிறந்த யாருக்கும் அப்படி இல்லை.
பல், மேல்வரிசையில் மட்டும் பத்து எண்ணினேன்,
எல்லாம் ஒரே லாட், ஒரே ஷேட்.
என்னுடையது ஒன்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தட்டில் விழும்.

இவளை யார் பொறுக்கியது?
பையர் வரும் நாள் போலத்தான் இருந்திருக்கும்:
ஏசி அறை, நீள மேஜை, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள்.
பதினேழு சாம்பிள் தொங்க,
ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே இது என்று விரல் நீட்ட,
எனக்கும் அதேதான் தோன்றியது என்றிருப்பார்கள் மற்றவர்கள்.
மிச்சம் பதினாறை யார் மடித்து வைத்தார்கள்
என்று உள்ளே எந்தப் பக்கத்திலும் இல்லை.

பக்கத்து நாற்காலி அம்மாள், ஓசூர்க்காரர்,
எட்டிப் பார்த்துவிட்டு, போன மாசத்துது தேவலை என்றார்.
அடியிலிருந்து உருவிக் காட்டினார்.
குண்டு எறியும் பெண். கழுத்தில் சுண்ணாம்புப் பொடி.
நெற்றியில் இருப்பது வேர்வையா, தெளித்த தண்ணீரா என்று
கொஞ்ச நேரம் பேசினோம்.
தெளித்தது, என்றேன். வேர்வை அக்குளில்தான் ஆரம்பிக்கும்.
அவருக்குக் கோபம்.
அந்தப் பிள்ளை முகத்தைப் பாரும்மா, உழைச்ச முகம்.
முகத்துக்கு நான் மார்க் போடுவதில்லை என்றேன்.
அப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

மறுபடி யாமிரா.
ரிஜெக்ட் என்று மனசு முடிவு கட்டும் சமயம்
இடது கைமடிப்புக்குக் கீழே, மணிக்கட்டோரம்,
ஒரு நூல்.
அரை இஞ்ச் இருக்கும். வெட்டாத நூல்.
மருவை அழித்தவர்கள், மயிர்க்காலை அழித்தவர்கள்,
முழங்கையில் ஒரு சுருக்கம் விடாமல் அழித்தவர்கள்
இதை விட்டுவிட்டார்கள்.
என் நகம் தன்னால் போய்க் கிள்ளியது.
வழுக்கியது.

எவளோ ஒருத்தி, சனிக்கிழமை சாயங்காலம்,
டார்கெட் முடியாமல், பஸ்ஸை நினைத்துக்கொண்டு
டிரிம்மரைக் கீழே வைத்திருப்பாள்.
அவளை எனக்குத் தெரியும். திட்டியிருக்கிறேன்.

பர்ஸில் தேடினேன். இருந்தது,
சிவப்பு அம்பு ஸ்டிக்கர், பாதித் தாள்.
ஒன்று உரித்து நூலுக்கு நேராக ஒட்டினேன்.
தப்பு இங்கே என்று சொல்லத்தான் அது.
வேறு எதற்கும் நான் அதை ஒட்டியதில்லை.
இன்றைக்கு எதற்கு ஒட்டினாய் என்று கேட்டால்
பல்வலி.

மர்கதா, மர்கதா யாரு, என்று கூப்பிட்டாள் பவ்யா.

வெளியே வந்தபோது கன்னம் என்னுடையதாக இல்லை.
ஒரு பெரியவர் மடியில் யாமிரா, குப்புற.
பின்னட்டை வாட்ச் விளம்பரத்தில்
அவர் விலை தேடிக்கொண்டிருந்தார்.
அம்பு அவர் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது,
நகத்தைக் காட்டிக்கொண்டு.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
பஞ்சு.